எட்டு மில்லிமீட்டர் குறைகிறது

அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே உலகத்தின் மறுகோடியில், டனீடினில் நீ, மாப்பிள்ளை கேலம், ஐலா, ரோரி நால்வரும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உங்களுக்குக் குளிர்காலம் தொடங்கியிருக்கும், ரோரிக்குக் காது வலி வரும் காலம், தொப்பி இல்லாமல் அவனை வெளியே விடாதே. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லி முனகுகிறாள், படியைக் கட்டியது நான் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. சந்தைக்கு வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு வந்துவிட்டது, வாரத்தில் மூன்று நாள் முட்டையும் ஹாமும் வைத்து அதுதான் சாப்பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், போனில் பேசும்போது உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள், இந்தக் கதையில் திருத்த அவளுக்கு நிறைய இருக்கிறது. படகு தயாராக இருந்தால் ஜூலையில் வருவதற்கு டிக்கெட் எடுத்துவிடுவோம், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம், மறுபடி ஓட்டலில் தங்க எனக்கு மனசில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் பதில் போடவில்லை. படகு தயாராகத்தான் இருக்கிறது மகளே, பளபளவென்று இருக்கிறது, எட்டுப் படுக்கை, மூன்று அறை, இரண்டு கழிப்பறை, சூப் கொதிக்க வைக்க அடுப்பு, எல்லாம் இருக்கிறது. நம் தோட்டத்துத் துறையைவிட்டு அதனால் வெளியே போகத்தான் முடியவில்லை. நம் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற பந்தாட்டத் திடல் பாலத்தின் அடியில் அது நுழையாது. ஏப்ரலிலிருந்து அது முந்நூறு மீட்டர் கால்வாயில் நிற்கிறது, வாத்துகள் அதை ஒரு கட்டடம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டன.

எப்படி இப்படி ஆயிற்று என்பதை நானே சொல்லிவிடுகிறேன், ஊரார் வாயிலாக உனக்கு வந்தால் இன்னும் மோசமாக இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்பு நீங்கள் வந்தபோது உன் அறையில் படுக்க இடமில்லாமல் ஸ்னேக் நகரத்து ஓட்டலில் தங்கினீர்களே, புறப்படும் நாள் வாசலில் நின்று நீ சொன்னாய், "அப்பா, இந்த வீட்டுல தண்ணி அளக்குற கோலுக்கெல்லாம் இடம் இருக்கு, எங்களுக்குத்தான் இல்ல." அன்றைக்கு நான் ஏதோ சிரித்து மழுப்பினேன். ஆனால் அது என்னைவிட்டுப் போகவே இல்லை. அறையிலிருந்து என் பழைய அளவுகோல்களையும் வெண்கல மானிகளையும் நீர்மட்டப் பதிவேடுகளையும் வெளியே போட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் வேலை. முப்பத்தோரு வருஷம் ஏரி அணையின் மதகில் வேலை பார்த்தவனுக்கு அந்த யோசனை வரவில்லை. படுக்கைகளோடேயே வருகிற ஒரு படகை வாங்கலாம் என்ற யோசனைதான் வந்தது.

ஜனவரியில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் பெயர் எழுதினேன். நாங்கள் இரண்டு பேர், நீங்கள் நான்கு பேர், ஆறு. கேலமின் அம்மா ஒருவேளை கூட வந்தால் என்று ஏழு. ஒற்றைப்படையாக இருக்கிறதே என்று எட்டு. அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள், "ஏங்க, எட்டாவது ஆளு யாரு?" என்றாள். விருந்தாளி என்றேன். "நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராவது சாயங்காலம் அஞ்சரைக்கு மேல இருந்திருக்காங்களா? உருளைக்கிழங்கு அடுப்புல ஏறுற சத்தம் கேட்டாலே கோட்டை மாட்டிக்கிறவங்க, இவங்க படுக்க மெத்தை வேற கேக்கப் போறாங்களாக்கும்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நம் ஊரில் காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுகிறோம், அப்படிப்பட்ட ஊரில் நான் விருந்தாளிக்குப் படுக்கை பார்த்தேன். படகு விற்கிற அம்மாளும் நல்லவள்தான், ஒன்பது மீட்டர் நீளத்தில் நான்கு படுக்கைப் படகு ஒன்றைக் காட்டி, "வருஷத்துல எத்தனை ராத்திரி எத்தனை பேரு இதுல தூங்குவீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நீளத்தை நான் சொல்றேன்" என்றாள். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பதினான்கு மீட்டர் படகைக் காட்டச் சொன்னேன். திரும்பி வரும் வழியில், "நீங்க வாங்கினது படகில்ல, ஒரு விடுதி" என்று அம்மா சொன்னாள்.

பாலத்தை நான் அளக்காமல் வாங்கினேன் என்று நினைத்துவிடாதே, அந்தப் பழி எனக்கு வேண்டாம். பிப்ரவரியில் பக்கத்து வீட்டு சீட்ஸேயின் துடுப்புப் படகில் போய், அடியில் நின்று, மில்லிமீட்டர் கோடு போட்ட கோலால் மூன்று தடவை அளந்தேன். படகின் கூரைக்கும் பாலத்துக்கும் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. மார்ச் முதல் வாரம் படகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், தாராளமாக நுழைந்தது, பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். தொப்பியைத் தூக்கியது இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஈஸ்டர் திங்கட்கிழமை சீட்ஸேயையும் அவன் மனைவி ஹின்கேயையும் ஏற்றிக்கொண்டு முதல் சவாரிக்குக் கிளம்பினோம், காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். சீட்ஸே முன்னால் நின்றிருந்தான். பாலத்தை நெருங்கும்போது, "மீண்டர்ட்டு, பாலம் இறங்கி வந்திருக்கா இல்ல நாம ஏறியிருக்கமா?" என்று கேட்டான். பாலமாவது இறங்குவதாவது என்று நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கூரையில் இருந்த ஹாரன் பாலத்தில் இடித்து வளைந்தது, வளைந்தபடியே அலறவும் தொடங்கியது. பின்வாங்கித் துறைக்கு வந்து சேரும் வரை நிற்கவில்லை, ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. கோடையில் ஐசெல்மீர் ஏரியின் மட்டம் இருபது சென்டிமீட்டர் ஏறும் மகளே. வயலுக்கும் குடிநீருக்கும் வேண்டும் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் மதகை அடைத்துவைத்து ஏற்றுவார்கள். யார் ஏற்றுவார்கள்? முப்பத்தோரு வசந்தம் நான்தான் ஏற்றினேன். இந்தக் கையால் ஏற்றிவிட்டு, அந்த ஏரியில் ஓட்டப் போகிற படகுக்குக் குளிர்காலத்து மட்டத்தில் போய் அளந்திருக்கிறேன். ஊரில் வேறு எவன் செய்திருந்தாலும் அவனுக்குத் தெரியாது பாவம் என்று விட்டிருப்பார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை.

பணிவை எல்லாம் கூட்டிக்கொண்டு அணைக்குப் போன் போட்டேன். என் இடத்தில் இப்போது ரென்ஸ்கே என்ற பெண் இருக்கிறாள், என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் ஒரு ஐந்து சென்டிமீட்டர் இறக்க முடியுமா என்று கேட்டேன். "சார், ஏரி முழுசையுமா?" என்றாள். ஆமாம் என்றேன், வேறு எப்படி இறக்குவது. அதற்கு அவள், "தண்ணி பயிருக்கும் குழாய்க்கும், படகுக்காரனுக்கு இல்லைன்னு இந்த போன்ல நீங்க எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பீங்க சார், நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. பலத்த கிழக்குக் காற்று அடித்தால் நம் கரையில் தண்ணீர் தாழும், நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் அதை நம்பி வெளியே போனால் திரும்பி வர இன்னொரு கிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும், குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்.

ஏரியை இறக்க முடியாவிட்டால் படகை இறக்க வேண்டியதுதான். பாரம் ஏற்றினால் படகு அமிழும், நானூறு கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேண்டியது ஐந்து சென்டிமீட்டர், உரசாமல் போக இன்னும் ஒரு நான்கு மில்லிமீட்டர். முதலில் தண்ணீர்த் தொட்டியையும் எண்ணெய்த் தொட்டியையும் வாய்வரை நிரப்பினேன், பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. பிறகு வீட்டில் கனமாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். உன் அறையில்தான் இருந்தது. வார்ப்பிரும்பு அளவுகோல்கள், வெண்கல மானிகள், முப்பத்தோரு வருஷப் பதிவேடுகள், சீட்ஸேயும் நானும் இரண்டு நாள் தூக்கினோம், மொத்தம் நானூறு கிலோ, எல்லாம் இப்போது படகின் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது. அது பத்து மில்லிமீட்டர். தூக்கி முடித்துவிட்டு மாடிக்குப் போனால், உன் அம்மா காலியான அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதுக்கா ஒரு படகு வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மீதிக்கு ஆட்கள் வேண்டும். என் பிறந்தநாளுக்கு வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டேன், ஆனால் கூடத்தில் போடவில்லை, படகில் போட்டேன். பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்து, நம் ஊர் வழக்கப்படி எனக்கும், அம்மாவுக்கும், எனக்கு உறவாகவோ நட்பாகவோ வாய்த்ததற்காக ஒருவருக்கொருவரும் வாழ்த்துச் சொன்னார்கள், நான் கேக் வெட்டாமல் படகின் பக்கவாட்டில் கோலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். இருபத்துநான்கு மில்லிமீட்டர். யாரும் எழுந்து கழிப்பறைக்குப் போகவேண்டாம் என்று சொல்லி மறுபடி அளந்தேன், அதேதான். கூட்டிப் பார், இன்னும் எட்டு மில்லிமீட்டர் குறைகிறது. ஹின்கே மூன்றாவது துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு, "என்னால முடிஞ்சதை நான் செஞ்சுட்டேன்" என்றாள். பந்தாட்டக் குழுவில் நான்கு தடியன்களைக் கூப்பிட்டுவரவா, இல்லை மணல் மூட்டை போடலாமா என்று சீட்ஸே கேட்டான். இரண்டும் நடக்கிற காரியந்தான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான், கணக்கு வேறு இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் கணக்கை உனக்குச் சொல்கிறேன். பெரியவர்கள் இரண்டு பேர், சிறுவர் இரண்டு பேர், பெட்டிகள் நான்கு, தோராயமாக முந்நூற்று இருபது கிலோ. அது சரியாக எட்டு மில்லிமீட்டர். படுக்கை எத்தனை, விருந்தாளி எத்தனை என்று தாள் தாளாக எழுதி, தேவைக்கு மேல் பெரியதாக ஒரு படகை வாங்கிவந்து நிறுத்தினேன், கடைசியில் அதில் நீங்கள் நான்கு பேர்தான் குறைகிறீர்கள். நான்கு வருஷமாக வீட்டிலும் அதே குறைதான், அதை அளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. நீ வாசலில் சொன்னது சரி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

ஆகவே டிக்கெட் எடு. உன் அறைக்கு அம்மா வெள்ளையடித்துவிட்டாள், இரண்டு கட்டில் போட்டாயிற்று, குழந்தைகளுக்கு எதிர் அறை, ஓட்டல் பேச்சே வேண்டாம். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் படகில் ஏறுகிறார்கள், காபி உண்டு. உங்களோடு சேர்ந்து பாலத்தைக் கடந்ததும் அவர்களை வெளித்துறையில் இறக்கிவிட்டு நாம் ஆறு பேர் அணையைத் தாண்டி டெர்ஸ்கெல்லிங் தீவுக்குப் போகிறோம், மணல்திட்டில் சீல்கள் படுத்திருப்பதை ஐலாவுக்குக் காட்டுகிறேன் என்று சொன்ன வாக்கு அப்படியே இருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது பன்னிரண்டு பேரும் அதே துறையில் காத்திருப்பார்கள், அவர்கள் இல்லாமல் நாம் வீட்டுக்குள் நுழைய முடியாது. எல்லோரும் அவரவர் நாட்குறிப்பில் பேனாவால் எழுதிவிட்டார்கள். இந்த ஊரில் பேனாவால் எழுதியதை மாற்ற என்ன பாடு படவேண்டும் என்று உனக்கே தெரியும்.

கேலமுக்கு என் அன்பு. குழந்தைகள் இருவருக்கும் ஆளுக்கொரு முத்தம், ரோரியின் நல்ல காதுப் பக்கமாகக் கொடு. நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல், நல்ல காற்றும் அமைதியான தண்ணீருமாக நீடூழி வாழ வேண்டும், ஆண்டவர் வழித்துணையாக வரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஒருவரும் உடம்பு இளைக்காமல் வாருங்கள்.

இப்படிக்கு,
உன் வருகைக்காக அளவுகோலோடு துறையில் நிற்கும்
அப்பா மீண்டர்ட்