கப்பலில் மேல்தட்டு அறை கிடைத்த விதம்

ஏப்ரல் 8, ஞாயிறு

வெயில். காலை ஏழு மணிக்கே முற்றத்து மண் சுடுகிறது. பள்ளிக்கூட விடுமுறை. வெளிக்கிடும் வேலை.

சாமான்: சேலை நாலு (நீலம் கப்பலுக்கு). இவருடைய வெள்ளைக் காற்சட்டை, அயன் பண்ணியது. ஊறுகாய்ப் போத்தல். பனங்கட்டி. இந்தக் கொப்பி. குடை வேண்டாம் என்றார். வைத்துவிட்டேன்.

மாமிக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. "கோயில் குளம் எண்டாலும் பறவாயில்லை. சும்மா கப்பலில ஏறி இறங்க ஆரும் போவினமோ?" கலியாணமாகி ஆறு வருசம். நாங்கள் இருவர் மட்டும் எங்கே போனோம்? செத்த வீடு, கலியாண வீடு, பொங்கல். எல்லாவற்றுக்கும் வண்டில் நிறைய ஆட்கள்.

இவருடைய கூட்டாளி தியாகு திருகோணமலையில் கப்பல் கந்தோர் ஒன்றில் வேலை. தேயிலை ஏற்றும் கப்பலில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அறை உண்டாம். திருமலையிலிருந்து காலி, அங்கிருந்து கொழும்பு. கீழ்த்தட்டில் ஓர் அறை பிடித்துத் தந்திருக்கிறார்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பத்து வருசமாகக் கரும்பலகையில் இலங்கைப் படம் கீறுகிறேன். அந்தக் கரையைக் கடலில் நின்று ஒருநாள் பார்க்க வேண்டும். கப்பலின் முன்முனையில் நின்று. வேறு ஆசை ஒன்றும் இல்லை.

கிளிநொச்சியில் பஸ். வவுனியாவில் இறங்கி வேறு பஸ், இடமில்லை, ஹொறவப்பொத்தானை வரை நின்றேன். கால் வீக்கம். தியாகு வீட்டில் அவர் மனைவி வைத்த மீன் சொதி. நல்ல மனிசி.

ஏப்ரல் 9, திங்கள்

மேகம் இல்லை. பி.ப. 1க்குக் கப்பலில் ஏறினோம். கீழ் அறை: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், சன்னல் இல்லை, எண்ணெய் மணம், சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின். பறவாயில்லை. படுக்க மட்டும்தானே. பகல் முழுக்க வெளியில் நிற்கலாம்.

இவர் முகத்தைச் சுளித்தார். "இஞ்சரும், இது மாட்டுக் கொட்டில் மாதிரி." வெளியே போனார். அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. வரும்போது கூடவே கப்பல் பட்லர், நரைத்த மீசை, மலையாளத்துக்காரர். எங்கள் பெட்டியை அவரே தூக்கினார். மேலே, மேலே, இன்னும் மேலே.

மேல்தட்டு அறை! எழுதாமல் இருக்க முடியாது. இரண்டு வட்டச் சன்னல். வெள்ளை விரிப்பு. காற்றாடி. முகம் கழுவத் தொட்டி, திறந்தால் தண்ணீர். வாசலில் இரண்டு சாய்மனைக் கதிரை. கட்டிலில் ஏறி இருந்து சிரித்தேன்.

"எப்பிடிக் கிடைச்சது?"

"கதைக்கத் தெரிஞ்சவனுக்குக் கிடைக்கும்."

இவரை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன், வெட்கத்தோடு.

3 மணிக்குக் கப்பல் வெளிக்கிட்டது. 4க்குத் தேத்தண்ணி. எல்லாருக்கும் தேத்தண்ணி, எனக்கு மட்டும் பார்லித் தண்ணியும் வெறும் பிஸ்கற்றும். பட்லரைக் கேட்டேன். "அம்மாக்கு இந்த நேரத்தில சாயா வேண்டாம். சூடு."

எந்த நேரத்தில்? அவர் என் வயிற்றைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். சிரித்தார், தகப்பன் சிரிப்பது போல.

விளங்கியது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கேட்டேன். "என்ன சொன்னனீங்கள் அந்த மனிசனுக்கு?"

"நீர் மாசமா இருக்கிறீர் எண்டு சொன்னனான். மூண்டு மாசம். அந்த எண்ணெய் மணத்துக்க படுக்கேலாது எண்டு. நீர் ஏன் இப்பிடிக் கோவிக்கிறீர்? சும்மா ஒரு கதை. இஞ்ச ஆருக்கு எங்களைத் தெரியும்?"

சும்மா ஒரு கதை. ஆறு வருசமாக ஊர் என் வயிற்றைப் பார்த்துக் கதைக்கிறது. இவர் அதை விற்றுச் சன்னல் வாங்கி வந்திருக்கிறார்.

கீழ் அறைக்குப் போகலாம் என்றேன். "விசரே? அதை வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு."

பார்லித் தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

ஏப்ரல் 10, செவ்வாய்

கடல் தட்டையாகக் கிடக்கிறது. கரை வலப்பக்கம். நீலச் சேலை உடுத்தேன்.

முன்முனைக்குப் போக ஓர் இரும்பு ஏணி, ஒன்பது படி. மூன்றாவது படியில் கால் வைக்கப் பட்லர் ஓடி வந்தார். "அம்மா வேண்டாம், வேண்டாம். ஐயா சொல்லியிருக்கார்." இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீர் ஏறினால் அந்தாள் என்ன நினைக்கும்? கொஞ்சம் பொறும்" என்றார்.

பிறகு நடந்ததுதான் உச்சம். தானே ஏறினார். ஒரு வெள்ளைக்கார மாலுமியிடம் தூரக்கண்ணாடி வாங்கினார். முன்முனையில் காலை அகட்டி நின்று, "இஞ்சரும், மட்டக்களப்புப் பக்கம் தெரியுது! தென்னந்தோப்பு! வெள்ளை மணல்!" என்று எனக்குக் கீழே கத்திச் சொல்கிறார். நான் சாய்மனைக் கதிரையில். முழங்காலுக்கு மேல் கம்பளி. ஏப்ரல் வெயிலுக்குக் கம்பளி!

இன்று எனக்குக் கிடையாதவை:
தேத்தண்ணி.
அன்னாசி (மற்ற எல்லாருக்கும் இரண்டு துண்டு).
ஏணி.

அன்னாசியை இவர் என் பங்கையும் சேர்த்துத் தின்றார். 

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இன்னொரு இடி. முல்லைத்தீவு மீரான் நாநாவும் மனைவி ஆமினா அக்காவும். கருவாட்டுச் சிப்பம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறார்கள். நாங்கள் விட்டுவந்த கீழ் அறையில்தான் இருக்கிறார்கள். கிளிநொச்சிச் சந்தையில் நாநாவின் கடை. மாமி அங்கேதான் அரிசி, மா, சீனி எல்லாம் எடுப்பது. "இஞ்ச ஆருக்கு எங்களைத் தெரியும்" என்ற மனிசன் அன்னாசித் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

பட்லர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆமினா அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அல்லா கண் திறந்திட்டான் தங்கச்சி. எனக்கும் பதினொரு வருசத்துக்குப் பிறகுதான் ஒண்டு." அவர் கண் கலங்கிவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வாரா என்று.

"ஓம் அக்கா, மூண்டு மாசம்" என்றார்.

பிறகு அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் குறைத்துக் கேட்டார். "முந்தி ஏதும் தவறினதோ?"

"இல்லை அக்கா."

அது என் பொய். என்னுடையது ஒன்றே ஒன்று. தவறியது. இரண்டு வருசத்துக்கு முந்தின மாசி. ஒன்பது கிழமை. ஆசுப்பத்திரியில் ஒரு பகல். ரீச்சர்மார் கூட்டம் என்று மாமிக்குச் சொன்னவர் இவர். "அம்மாக்குத் தெரிய வேண்டாம். உம்மை ராசியில்லாதவள் எண்டு சொல்லுவா." சரி என்றேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனேன். பின்னம் படிப்பித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. இருந்த பிள்ளையைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இல்லாத பிள்ளையைச் சொல்ல எப்படி வருகிறது!

ஏப்ரல் 11, புதன்

காலி. கோட்டை மதில், வெளிச்ச வீடு, சன்னலால் பார்த்தது. புழுக்கம். இவர் கரைக்குப் போய் வந்தார். எனக்கு ஒரு சரிகைக் கைக்குட்டை. நான் கையில் வாங்கவில்லை. கட்டிலில் கிடக்கிறது.

ஆமினா அக்கா தேசிக்காய் ஊறுகாயும் இரண்டு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து தந்தார். அவருடைய அறையில் எஞ்சின் சத்தத்தில் நித்திரை இல்லையாம். என் வெள்ளை விரிப்பில் இருந்து அதைச் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இவருக்குச் சொல்லிவிட்டேன்: கொழும்பில் இறங்க முதல் நாநாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்வேன். "சரி சரி, நான் சொல்லுறன். ஆம்பிளையள் கதைச்சால் அலுவல் சுகமா முடியும்."

ஏப்ரல் 12, வியாழன்

கொழும்பு. இறங்குதுறையில் இவர் நாநாவைத் தோளில் தட்டி ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். இரண்டு நிமிசம். நாநா தலையை ஆட்டினார். இவர் திரும்பி வந்து, "சொல்லிட்டன். மனிசன் சிரிச்சிட்டுப் போகுது."

அவர்கள் இன்றைய ரயிலில் ஊருக்கு. நாங்கள் நாளைக்கு. ஆமினா அக்கா வண்டி திரும்பும் வரை கை காட்டினார். பொய் சொன்னதற்குக் கோபம் இல்லையா? நல்ல மனிசி, அதுதான் என்று நினைத்தேன்.

மாமிக்குப் புதுவருசச் சேலை, பச்சைக் கரை. எனக்குச் செருப்பு. பின்னேரம் காலிமுகக் கடற்கரை. கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. கடலை வாங்கித் தந்தார். "பிழைதான், விட்டிடும்" என்றார். கோபம் பாதி இறங்கிவிட்டது. மடைச்சி.

ஏப்ரல் 13, வெள்ளி

ரயிலில் வெக்கை. மாங்குளத்தில் வெள்ளரிப்பிஞ்சு. கிளிநொச்சி ஸ்ரேசனில் மாமி.

மாமி ஸ்ரேசனுக்கு வந்ததே இல்லை. இன்று மாட்டு வண்டிலோடு. வண்டிலில் வைக்கோல், அதற்கு மேல் புதுப் பாய். "மெல்ல, பிள்ளை, மெல்ல இறங்கு!" என் பெட்டியைப் பறித்தார். பிறகு பேச்சு தொடங்கியது. "வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு கடலுக்கு மேல போவினமோ? எனக்கு ஒரு வார்த்தை சொன்னனியே? கடைக்காரன் பெண்சாதி சொல்லித்தான் நான் அறிய வேணும், என்ன?"

வண்டிலில் இவரைப் பார்த்தேன். மாட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மாங்காய் ஒரு கடகப்பெட்டி நிறைய. அடுத்த காணிக்காரி கொண்டுவந்த பால். நாளைக்கு வருசப்பிறப்பு. எங்கள் வாய்க்கால் கரை வீட்டு ஆட்கள் எல்லாரையும் மாமி பொங்கலுக்குச் சொல்லிவிட்டார். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாராம், ஐந்து வருசமாக. எனக்குத் தெரியாது.

பின்னேரம் வாய்க்கால் கரையில் இவரைப் பிடித்தேன். "நாநாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"... ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு சொன்னனான்."

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிசமும் அதுதான்.

"இப்ப போய் அம்மாவிட்டச் சொல்லுங்கோ."

"வருசப்பிறப்பும் அதுவுமா எப்பிடிச் சொல்லுறது? சனம் எல்லாம் வரப்போகுது. இஞ்சரும், ஒரு மாசம் பொறும். பிறகு தவறிப் போச்சு எண்டு சொல்லுவம். உமக்கும் தெரியும்தானே, அது எப்பிடி எண்டு..."

முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஆனால் சொல்லிவிட்டார். காதால் கேட்டேன்.

நான் படுத்துக் கிடந்து நடிக்க வேண்டும். அழ வேண்டும். அன்றைக்கு அழாததை இப்போது சனத்துக்கு முன்னால், இவருடைய சன்னலுக்காக. இப்படி ஒரு மனிசனோடு ஆறு வருசம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்றி வாய்க்காலுக்குள் எறிந்தேன். புதுச் செருப்பு. என்னுடையதுதான், இவருக்கு எறிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, சனி. வருசப்பிறப்பு

மூலிகை அவித்த மருத்துநீர் தலையில் வைத்துக் குளிப்பு. மாமி என் தலையில் தன் கையால் வைத்தார். முற்றத்தில் பொங்கல். ஆட்கள் முப்பது பேர் இருக்கும். ஆமினா அக்காவும் நாநாவும் வந்திருந்தார்கள், ஒரு தட்டு நிறைய மஸ்கற் இனிப்போடு.

கைவிசேசம் கொடுக்கும் நேரம். எப்போதும் மகனுக்குத்தான் முதல். இன்று மாமி வெற்றிலையில் காசை வைத்து என்னை முதலில் கூப்பிட்டார். "வா பிள்ளை. ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கு."

கை நீட்டவில்லை. இவரைப் பார்த்தேன். கடைசியாக. இவர் அடுப்பு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமி, இப்ப வயித்தில ஒண்டும் இல்லை. கப்பலில நல்ல அறை எடுக்க இவர் சொன்ன பொய் அது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒண்டு இருந்தது. அது தவறிப் போச்சு. அது பொய்யில்லை."

வகுப்பில் கதைப்பது போலத்தான் குரல் வந்தது. ஆமினா அக்கா வாயில் கையை வைத்தார். பானையை ஒருவரும் பார்க்கவில்லை, ஒரு பக்கம் அடிப்பிடித்தது.

மாமி என்னைத் திட்டுவார் என்றுதான் நின்றேன். ராசியில்லாதவள், சாமிக்கு முன்னால், சனத்துக்கு முன்னால். எல்லாவற்றுக்கும் மறுமொழி வைத்திருந்தேன்.

மாமி மகனிடம் திரும்பினார். "உண்மையோடா?"

"ஓம் அம்மா."

"எப்ப?"

"மாசியில."

"ஆரடா இவளைப் பாத்தது? ஆர் பத்தியச் சரக்கு அரைச்சுக் குடுத்தது?"

நான் சொன்னேன். "ஒருத்தரும் இல்லை மாமி. மூண்டாம் நாள் பள்ளிக்கூடம் போனனான்."

மாமியின் கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. சத்தம் போடவில்லை. "மாசியில நான் இந்த வீட்டிலதான்ரா இருந்தனான்" என்றார். "பக்கத்து அறையிலதான்ரா படுத்திருந்தனான்."

ஏப்ரல் 15, ஞாயிறு

வெயில். தலையிடி. நாளைக்கு வகுப்புக் கொப்பிகள் பார்க்க வேண்டும்.

இவர் வெளி விறாந்தையில். இரண்டு தரம் "இஞ்சரும்" என்றார். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.

மாமி குசினிக்குள் விடியத் தொடங்கி மல்லி, மிளகு, மஞ்சள் வறுக்கிறார். சரக்குக் கறி. பிள்ளை பெற்றவளுக்கும் தவறினவளுக்கும் காய்ச்சுவது.

"இப்ப என்னத்துக்கு மாமி? ரெண்டு வருசமாச்சு."

"வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு."

சரியான உறைப்பு. கோப்பை முழுவதும் சாப்பிட்டேன். இவர் மணத்துக்கு வாசலில் வந்து நின்றார். மாமி சட்டியை மூடிவிட்டு, "உனக்குப் பழஞ்சோறு கிடக்கு" என்றார்.