நின்றுபோன நீர் சொன்ன நேரம்

ஆகஸ்ட் 5, 2025. செவ்வாய்.

கடைத்தெருவில் லோகுவைப் பார்த்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த நெம்மேலிக்காரன். வகுப்பில் அவன் கேட்ட கேள்வியை அவனே ஞாபகப்படுத்தினான். “நின்னுகினு கீற தண்ணி, உள்ளயும் நின்னுகினுதான் கீதா சார்?” அன்று தம்ளர் தண்ணீரில் மைத்துளி விட்டுக் காட்டினேன். கலக்காமலே பரவியது.

ஏகாதசி. என் மனைவி சாவித்ரி காலையிலிருந்து மௌன விரதம். நாளை விரதம் முடிக்கும் பாரணை வரை ஜாடைதான்.

ஆகஸ்ட் 6.

பாரணைக்கு இலை போட்டுவிட்டு “ஏன்னா” என்று குழறினாள். அடுத்து வந்தது வார்த்தையே இல்லை. விரதக் களைப்பு என்றுதான் நினைத்தேன். தீர்த்தம் கொடுத்தேன். வாயோரம் வழிந்தது. உடனே ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி.

டாக்டர் தமிழரசி கேட்டது ஒன்றுதான். “கடைசியா எப்ப நல்லா பேசினாங்க?”

என்ன சொல்வது? நேற்று முழுக்க அவள் பேசவே இல்லையே. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். கரைக்க ஊசி உண்டு. ஆனால் அடைத்த சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். நேற்றே அடைச்சிருந்தா? ஜாடையிலே எனக்கு என்னத்த தெரியும் -

எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொண்டுபோனார்கள்.

ஆகஸ்ட் 7.

நேற்று பாதியில் விட்டதை இன்று எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ.யின் காந்தம் மூளைத் திசுவில் நீர் எவ்வளவு தூரம் திரிகிறது என்று பார்க்கிறது. மாமல்லபுரம் கடற்கரையில் ஜனங்கள் இஷ்டம்போல் நடப்பார்கள். அவர்களே நம்மூர் மலைக்கோயில் படியில் திருவிழா நெரிசலில் மாட்டினால் ஓரடி நகர முடியாது. ரத்தம் வராத செல் வீங்கும். நீர் அந்த நெரிசலில் சிக்கும்.

ஸ்கேன் எடுத்த சுதாகர் திரையைக் காட்டினார். “இங்க வெள்ளையா கீது பாருங்க சார். தண்ணி மாட்டிக்கினு நின்னுடுச்சி. அடுத்த படத்துல இன்னும் ஒண்ணும் வரல.”

அது வேறு முறையில் எடுத்த படம். அடைத்துப் பல மணி நேரமாகியிருந்தால் அதிலும் வெளுத்திருக்குமாம். ஆக, அடைப்பு புதிது. டாக்டர் ஊசி போட்டார். நான் சொல்லத் தெரியாமல் நின்ற நேரத்தை அவள் தலைக்குள் இருந்த நீர் சொல்லிவிட்டது. முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவன். இப்படி வியந்து நின்றதில்லை.

ஆகஸ்ட் 9.

“இந்தக் காபியை வாய்ல வைக்க முடியலை.” சாவித்ரி பேசிய முதல் முழு வாக்கியம்.

ஆகஸ்ட் 19.

மறுபடி ஏகாதசி. பட்டினி கூடாது என்று டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டாள். மௌனத்தை விடமாட்டாளாம். சரி, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். கேட்டுவிட்டு, “ரிடையர் ஆகியும் அட்டெண்டன்ஸ் எடுக்கறதை விடலையே நீங்க” என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

இதுவரை மூன்று முறை ஆஜர். சிரிப்பு கோணவில்லை. கடைசி முறை முறைத்துக்கொண்டே சிரித்தாள்.

வீட்டில் யாராவது மௌன விரதம் இருந்தால், மணிக்கொரு தரம் அவர்களைச் சிரிக்கச் சொல்லி, இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் கோணினாலோ ஒரு கை தாழ்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.