மதினிக்குப் பிடித்த உப்புப் பீர்

மதினி,

இன்று காலை கடையில் மாவுத் தூக்கைத் திறந்தேன். நேற்றைய வெக்கையில் மாவு பொங்கி மூடியை முட்டிக்கொண்டு நின்றது. குப்பென்று அந்தப் புளிப்பு வாசம் முகத்தில் அடித்ததும் உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. "ஏட்டி, மோந்து பாத்தே சொல்லிருவியே, எத்தன மணிக்கு ஆட்டுனதுன்னு." இராஜபாளையத்தில் என் மாவுக்கடைக்கு வருகிற யாரும் என் மூக்கை இப்படிப் பாராட்டியதில்லை. அவர்களுக்கு இட்லி பூ மாதிரி வந்தால் போதும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் முழுசாகக் கேளுங்கள். பாதி கேட்டதுமே பாய்கிற ஆள் நீங்கள்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு மம்சாபுரத்திலிருந்து பெங்களூர் போனீர்கள். அவர் லாரி ஷெட்டுக்குப் போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். அந்த ஹோட்டலிலேயே பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகளில் பீர் காய்ச்சுகிறார்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. நான் ஒரு சித்திரையில் உங்கள் வீட்டில் தங்க வந்தபோதுதான் எனக்கே தெரியும். பீர் காய்ச்சுகிறவர் மங்களூர்க்காரர், வழுக்கைத் தலை, சாதுவான மனிதர். புதிதாக ஒரு பீர் செய்திருந்தார். அடுக்களையில் எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று துப்பினார்களாம். நீங்கள்தான் மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள். "கெட்டுப்போறது வேற, புளிக்கிறது வேற. ஊர்ல இருந்து எங்க நாத்துனா வந்திருக்கா. அவளக் கூட்டியாரேன், அவ சொல்லுவா."

பின்வாசல் வழியாக என்னை இழுத்துப் போனீர்கள். அதுவரை நான் பீரைத் தொட்டதில்லை. அப்பா குடித்தே போன வீட்டில் அந்த வாடையே ஆகாது. ஆனால் அந்தக் கிளாஸில் அப்பாவின் வாடை இல்லை. என் கடை வாசம் இருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரே நாள்ல சூடு வச்சுப் புளிக்க வச்சது. அவசரப் புளிப்பு. வெந்நி ஊத்தி ஆட்டுன மாவு இப்பிடித்தான், முன்னால சுள்ளுன்னு இருக்கும், பின்னால ஒண்ணும் இருக்காது" என்றேன். நீங்கள் கன்னடத்தில் சொல்லச் சொல்ல மங்களூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியேதான் செய்திருந்தாராம். அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. புளிப்புப் பீரில் நுரை நிற்காதாம். ஊற்றினதும் பொங்கும், பேசி முடிப்பதற்குள் அடங்கிவிடும்.

பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை நான் பெங்களூர் வந்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவு. "பட்டுச்சேலை பாக்கப் போறோம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, பீர் காய்ச்சுகிற இடமாகத் தேடிப் போவோம். மத்தியான வேளையில் சேலை கட்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் ஜூஸ் பட்டியலைத்தான் கொண்டுவந்து நீட்டுவார். உங்களுக்கு அதில் ஒரு குஷி. மரப்பலகையில் வரிசையாகச் சின்னக் கிளாஸ்கள் வரும். ஆளுக்கு இரண்டு வாய், அதற்கு மேல் இல்லை. ஒருத்தியைப் பார்த்து மற்றவள் சொல்லிவிடக் கூடாது என்று நீங்கள் ஒரு முறை வைத்திருந்தீர்கள். கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு மூணு என்றதும் மார்க்கை விரலில் காட்ட வேண்டும். நெல்லிக்காய் போட்டதற்கு இரண்டு பேரும் நாலு விரல். மாம்பழம் போட்டதற்கு ஒரே விரல். "நம்மூரு சப்பட்ட மாங்காயப் போட்டிருந்தாலாவது வெளங்கியிருக்கும்" என்றீர்கள்.

இரண்டே இரண்டில்தான் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மங்களூர்க்காரர் அந்தப் புளிப்புப் பீரிலேயே உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு ஒன்று செய்தார். உங்களுக்கு உயிர் அது. அஞ்சு விரலையும் விரித்துவிட்டு மற்ற கையையும் தூக்குவீர்கள். நான் அதை உப்புப் போட்ட பழைய சோற்று நீச்சத்தண்ணி என்பேன். எனக்குப் பிடித்தது இன்னோர் இடத்தில், மரப்பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்து மெல்லப் புளித்தது. விழுங்கிய பிறகும் வாயைவிட்டுப் போகாது. நீங்கள் அதை மோந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, மழையில நனைஞ்ச செருப்ப ஊறப் போட்டிருக்கான்" என்றீர்கள். நான் புரையேறி, மூக்கு வழியாகப் பீர் வந்து, அந்த இடமே திரும்பிப் பார்த்தது.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் பெருஞ்சீரகத்தை மென்றுகொண்டே என் கையை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். "அத்த காதுக்குப் போச்சுன்னா மம்சாபுரம் வரைக்கும் நாறிரும். எம்மேல சத்தியம் பண்ணு. உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்னு." செய்தேன். யார் உயிர் என்று அப்போது நாம் இருவருமே யோசிக்கவில்லை.

போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவிடமே வந்துவிட்டார். பதினாறாம் நாள் உங்கள் படத்துக்கு முன்னால் இலை நிறையப் பால்கோவா, லட்டு, அதிரசம். இனிப்பைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற உங்களுக்கு! எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்கு வருஷா வருஷம் படையலில் குவார்ட்டர் பாட்டில் உண்டு. அம்மாவே அதை முந்தானையால் துடைத்து வைப்பாள். ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஆண்பிள்ளைக்குப் பிடித்ததை வைக்கலாம், உங்களுக்குப் பிடித்ததைக் கேட்கக்கூட ஆளில்லை.

அதனால் முதல் வருஷப் படையலுக்கு இரண்டு நாள் முன்னால் பெங்களூர் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னதும் மங்களூர்க்காரர் தொட்டிப் பக்கம் போனார். ஒரு பாட்டிலில் உப்புப் பீரை நிரப்பிக் கொடுத்தார். மாவுத் தூக்கில் ஐஸ் போட்டு, அதற்குள் பாட்டிலை இறக்கி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

படையலன்று அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, காப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி இது, மோரா?"

ஆமாம் என்றால் முடிந்தது. சத்தியமும் நிற்கும், உங்களுக்கும் பீர் கிடைத்துவிடும். ஆனால் மோர் என்று சொல்லி வைத்தால் அது உங்களுக்கு வைத்ததாகுமா?

"பீரும்மா. மதினிக்குப் பிடிச்சது. நாங்க ரெண்டு பேரும் போயிக் குடிப்போம்."

உங்கள் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் கையை இறக்கினார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்க போறப்ப சிரிப்பாளா?" என்று கேட்டார்.

"வயிறு வலிக்கச் சிரிப்பாங்க" என்றேன். நனைந்த செருப்புக் கதையைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார், மதினி. சிரித்துக்கொண்டே இருந்தவர் படச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

அம்மா டம்ளரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "டம்ளர்ல ஒளிச்சா வைக்க? உங்க அப்பாவுக்குப் பாட்டிலோடதான வைக்கோம். போ, பாட்டில எடுத்துட்டு வா."

எடுத்துவந்தேன். வாங்கி முந்தானையால் துடைத்தாள். டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். நுரை விளிம்புவரை பொங்கி நின்றது. பாட்டிலை உங்கள் சேலைக்குப் பக்கத்தில் வைத்து, சூடம் காட்டி, நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டுச் செத்த நேரம் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும் அம்மாதான் முதலில் உள்ளே போனாள். குனிந்து டம்ளரைப் பார்த்தாள். நுரை அடங்கி, ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

"பாரு, குடிச்சிருக்கா" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. அண்ணனும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

மிச்சத்தை நான்தான் குடித்தேன். இப்போதும் என் அஞ்சு விரலும் அந்தப் பீப்பாய்க்குத்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வருஷமும் உப்புப் போட்டதுதான் வாங்கி வருவேன். பெரிய சத்தியத்தை உடைத்துவிட்டேன், கோபப்படாதீர்கள். புளிப்புப் பீரில் நுரை நிற்காது என்பதை மட்டும் அவர்கள் இருவரிடமும் நான் சொல்லவே மாட்டேன், மதினி.