பெற்றோருக்கு மட்டும்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். போனில் பேசினால் நீ கத்துவாய், பிறகு நான் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் பிள்ளை, உன் மருமகன், கூடப் படிக்கிற பெண்ணிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். எழுதக் கை கூசுகிறது. அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. எல்லாம் போனில் ஆபாச வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாம். அடித்தேன். போனைப் பிடுங்கி என் மெக்கானிக் பட்டறையில் பூட்டிவைத்தேன். அவன் வாயே திறப்பதில்லை.

நீ பள்ளி நர்ஸ். இதைப் பற்றித்தானே வகுப்பு நடத்துகிறாய்? பக்கத்து ஊர்தான், கொண்டுவந்து விடுகிறேன். நாலு வார்த்தை சொல்லித் திருத்தி அனுப்பு.

உன் தம்பி

ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

முதலில் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். அவள் வீட்டுக்கு யாராவது போனீர்களா?

நான் நடத்துவது பெற்றோர் வகுப்பு. பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது என்று பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பள்ளி நூலகத்தில். கதவில் 'பெற்றோருக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகளை வாசலில் இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, அப்பா அம்மாக்கள் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கண்ணாடியைத் தட்டினால் ஒருவர் சொல்கிறார், "எங்களுக்குக் கூச்சமா இருக்கு சிஸ்டர். நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுங்க." செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

நான் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் ஒரு சந்தேகம் வந்தால் அவன் யாரிடம் கேட்பான்? இன்னொருத்தன் போன் கிடைக்காமலா போகும்? நீ வா. அவனை வீட்டில் விட்டுவிட்டு வா.

அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

ஊருக்கெல்லாம் உபதேசம், சொந்தத் தம்பி பிள்ளைக்கு இடமில்லை. நல்லது. அப்பா இதெல்லாம் பேசியா என்னை வளர்த்தார்? நான் கெட்டா போனேன்? பிரேக் பிடிக்காத வண்டியைப் பட்டறையில் விடுவார்கள். ஓட்டுகிறவனை உட்காரவைத்து நான் பாடம் எடுப்பதில்லை.

இந்தச் சனிக்கிழமை அவனைக் கொண்டுவந்து விடுவேன். பிறகு உன் இஷ்டம்.

தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

நேற்று ஜன்னல் வழியே உன் வண்டியைப் பார்த்தேன். முகத்தைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டாய். கிரீஸ் படிந்த அந்த விரல்களை எனக்கா தெரியாது?

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவன் என்னிடம் வந்தான். "அத்தை, அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா அடிப்பாரா?" என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. "வெளியிலதான் இருக்காரு, போய்க் கேளு" என்று அனுப்பினேன். அவன் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் நீ வண்டியைக் கிளப்பிவிட்டாய்.

எனக்கு அலுத்துவிட்டது. இனி இதைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம். வண்டியில் அவன் வாயைத் திறந்ததும் நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது மறுபடி கேட்டான். "அந்த வீடியோல வர்ற பொண்ணுங்க எல்லாம் சிரிக்கிறாங்கப்பா. நான் சொன்னதும் அவ மட்டும் ஏன் அழுதா?"

அடிக்கக் கை எழவில்லை. "எனக்குச் சொல்லத் தெரியலடா. கத்துக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன். தலையாட்டினான்.

நேற்று நானும் அவன் அம்மாவும் அந்தப் பெண் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

அடுத்த வகுப்புக்குத் தனியாக வருகிறேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் இருக்கிறது. அவன் தினமும் காலையில் என் முகத்தைப் பார்க்கிறான். எப்படித் தொடங்குவது என்று, முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி அனுப்பு. மீதியை வந்து கற்றுக்கொள்கிறேன்.

உன் தம்பி