கொக்கு எச்சமும் அத்தானின் கார் கண்ணாடியும்

குவைத் வெயிலில் கறுத்து, கீழ்வேளூர் வெயிலில் இன்னும் கறுத்து, சிரிப்பில் மட்டும் வெளுப்பாக இருந்த என் அத்தானுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் காரின் முன்கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். துக்கம் கேட்க வந்த உங்கள் பெரியம்மா மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டார். "இருந்த வரைக்கும் மரியாதையாத்தானே பழகுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன செய்ய? உங்கள் சாவுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட, கொட்டகையிலிருந்து காரைத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குத் தள்ளினோம். அங்கே அடையும் கொக்குகளுக்கு உங்கள்மேல் என்ன கோபமோ! ஒரு மாத எச்சம், மீன் நாற்றத்தோடு சுண்ணாம்பாய் இறுகி, அதில் வயல் பூச்சியெல்லாம் செத்து ஒட்டி... ச்சீ! காலை இட்லியை நான் தொடவில்லை. நான் இட்லியைத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று மாதா கோயிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசை. உங்கள் காரில்தான் போவேன் என்று நேற்றே முன்சீட்டில் ஏறிப்பார்த்த அக்கா, உடனே இறங்கிவிட்டாள்.

"இதுக்குள்ளேருந்து என்னத்தடா பாக்குறது? அவரு ஒவ்வொரு வயலா காட்டிக்கிட்டே போவாரு. நாளைக்குள்ள கண்ணாடி தெளியலேன்னா வண்டியை வித்துடு. என் கண்ணுலயே படவேணாம்."

வண்டியோடு அதன் ஹாரன் சத்தமும் போய்விட்டால் இந்த வீட்டில் உங்களுடையதென்று வேறு என்ன சத்தம் இருக்கிறது, அத்தான்?

எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்து வழித்தேன். கையில் வந்ததை எழுத மாட்டேன். நீங்கள் இருக்குமிடம் சுத்தமானது. ஆனால் போர் தண்ணீரில் அலம்பினேனே, முட்டாள்! வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க உப்புத் திட்டு. பக்கத்தில் இறால் குட்டை வெட்டியதிலிருந்து நம் குழாயில் கடல்தானே வருகிறது? அந்தத் திட்டுக்குத்தான் எச்சில்.

"துப்பாதடா, கருமம்! இந்தா, இதைப் போட்டுத் தேய்" என்று குழம்புக்குக் கரைத்த புளியை அக்காவே கொண்டுவந்து வைத்தாள். தேய்த்து, குடிதண்ணீரில் அலம்பி, பழைய பேப்பரால் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்றது. அதில் என் மூஞ்சி தெரிந்தது. எச்சமே தேவலை.

இன்று அக்கா மறுபேச்சில்லாமல் ஏறினாள். விற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

இனி உங்கள் கார் மரத்தடியில் நிற்காது. போர் தண்ணீர் அதன்மேல் படாது. அக்கா எங்கே கேட்டாலும் அதில்தான் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

எத்தனை சோப்பு போட்டும் கை நாறுகிற,
உங்கள் ஒரே மைத்துனன்.

ஒன்று விட்டுப்போயிற்று: ஓட்டியது நான் என்பதால், வீட்டிலிருந்து கோயில்வரை அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை.