கோட்டைச் சேறு

ஞாயிறுதோறும் கோட்டை ஏறும் உங்களுக்கு,

கோட்டை ஏறியதற்கு அடையாளமாக முத்திரை வாங்கும் நோட்டை இன்று மறந்துவிட்டுப் போனீர்கள். கொடுக்கலாமென்று பின்னாலேயே மலை ஏறினேன். உச்சியில் சரிந்த மதில்கற்கள், முட்புதர், என் கணுக்காலில் அட்டைகள். நீங்கள் இல்லை.

முத்திரை குத்துவது அடிவாரக் கடையிலாம். நோட்டைப் பார்த்ததும் கடைக்காரம்மா சிரித்தாள்.

"அட, குவாஹரா சார் நோட்டு! சாரும் சம்சாரமும் எதிர் விடுதிக்குள்ள போனா பஸ் வர்ற நேரத்துக்குத்தான் வெளிய வருவாங்க. மலையாவது! போறப்ப ஷூவை எங்க வயல் சேத்துல முக்கிக்குவாரு. தமாஷான மனுஷன்!"

அந்தச் சேற்றை ஆறு வருடம் என் கையால் தேய்த்துக் கழுவினேன்.

என் ஷூவை வாசலில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அதில் இருப்பது நிஜமான கோட்டைச் சேறு. நீங்களே கழுவுங்கள்.

இப்படிக்கு,
மலை ஏறிய சம்சாரம்