கூடம்தான் கோணல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எதைச் சொன்னாலும் ம் ம் என்கிறாய், கடிதத்துக்கு ம் கொட்ட முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நான் பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம்.

எங்கள் பேக்கரி முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறக்கிறார். வண்டி ஓட்டத் தெரிஞ்சா அந்தக் கடை உன் பொறுப்பு, காலையில நீயே ரொட்டி ஏத்திக்கிட்டுப் போகணும், இல்லன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தவளுக்கு ஒரு கடையையே தருகிறேன் என்றால் விடுவேனா, அப்பாவின் காரில் பழக ஆரம்பித்தேன். சாலையில் நன்றாகத்தான் போகும், சிக்னலில் நிறுத்தினால் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கி அணைந்துவிடும். லைசென்ஸ் டெஸ்டிலும் அணைந்தது, தோற்று வந்தேன். வண்டியில்தான் ஏதோ கோளாறு என்றால் உன் அப்பா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், கிளட்சுலேருந்து காலை வெடுக்குனு எடுத்தா வேற என்ன ஆகும் என்கிறார். அவர் ஓட்டினால் அணைவதே இல்லை. என் காலை நானே திட்டிக்கொண்டு, கடை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் லாரி எடுத்துக்கொண்டு வெளியூர் போன அன்று தெருமுனை மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் எஞ்சினைக் கிளப்பி, கோளாறு பார்க்கும் ஒரு கருவியை ஸ்டியரிங் அடியில் செருகிவிட்டு வெளியே வந்து நின்றார். வண்டி தானாகவே நடுங்கி அணைந்தது. உள்ள யாரும் காலே வைக்கலையேக்கா, அப்புறம் எப்படி உங்க கால் மேல பழி என்றார். உன் அப்பா லாரிப் பழக்கத்தில் நிற்கும்போதும் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டுக்கொண்டே இருப்பார் அல்லவா, அதனால்தான் அவருக்கு அணையவில்லையாம்.

எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். எஞ்சினுக்குள் காற்று வர ஒரு கதவு, புகை போக ஒரு கதவு, அதைத்தான் வால்வு என்கிறார்கள். எங்கள் பேக்கரி அடுப்பும் அப்படித்தான், முன்கதவில் மாவு ஏற்றிப் பின்கதவில் ரொட்டி இறக்குவோம். கூட்ட நேரத்தில் பின்கதவு மூடுவதற்குள் முன்கதவைத் திறந்தால் வேலை ஓடும், மந்தமான நேரத்தில் அப்படிச் செய்தால் சூடுதான் போகும். வண்டிக்கும் கதவு திறக்க வேகத்தில் ஒரு நேரம், நிற்கும்போது ஒரு நேரம். அதற்காக வால்வைத் திறக்கும் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம், அதன் வயிற்றில் குட்டி அறைகள். ஒரு பக்க அறையில் எஞ்சின் ஆயில் ஏறினால் தண்டு கொஞ்சம் முன்னால் திரும்பும், மறுபக்கம் ஏறினால் பின்னால் வரும். எந்தப் பக்கம் என்று வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும், விரல் அளவு ஆயில் வால்வு ஒன்று திறந்துவிடும். நம் வண்டியில் அது சிக்கிக்கொண்டு தண்டு முன்னாலேயே நின்றுவிட்டது, வண்டி நின்றாலும் கதவு வேகத்துக்கான நேரத்தில்தான் திறந்தது. கழற்றினால் அதன் வடிகட்டி வலை முழுக்க அடிப்பிடித்த பாத்திரம் மாதிரிக் கருப்பு. என்ன ஆயில் ஊத்துறீங்க என்று கேட்டார் மெக்கானிக். உன் அப்பா பாசமாக ஊற்றியது லாரி ஆயில். லாரியே ஓடுது, இந்தச் சுண்டைக்காய் ஓடாதா என்பார். அவ்வளவு கெட்டி ஆயில் அந்தச் சந்துகளில் சட்டென்று புகாதாம். ஸ்டியரிங் முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததையும், பழைய வண்டின்னா எரியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். ஆயில் வால்வை மாற்றி, சரியான ஆயில் ஊற்றியதும் நடுக்கம் போய்விட்டது. உன் அப்பா ஊர் திரும்பியதும் கூடம்தாங்க கோணல் என்று வாசலிலேயே சொன்னேன், மனிதர் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

நேற்று மறுபடி டெஸ்ட். சிக்னலில் நிறுத்தினேன், சத்தமும் இல்லை நடுக்கமும் இல்லை, அணைந்துவிட்டது என்று நினைத்துப் பழக்க தோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். ஓடுகிற எஞ்சின் அப்போது எப்படிக் கத்தும் என்று உனக்கே தெரியும். பக்கத்தில் இருந்த அதிகாரி துள்ளிப்போய், அம்மா, வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை அவருக்கும் வந்தது. மீதியை ஒழுங்காக ஓட்டினேன், பாஸ்.

உன் வண்டி காலையில் கிளப்பும்போது கொஞ்ச நேரம் கடகடத்து அடங்குகிறது என்றாயே, அதைச் சும்மா விடாதே. ஆயில் குறைந்தாலும், அந்தப் பல்சக்கரமோ சங்கிலியோ தேய்ந்தாலும் அப்படித்தான் சத்தம் வருமாம். இந்த வாரமே காட்டு. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலையே ஊற்று, அப்பாவிடம் யோசனை கேட்காதே. நீயும் உன் வண்டியும் நோய்நொடி இல்லாமல் ஓட என் ஆசி எப்போதும் உண்டு. திங்கட்கிழமை கடை திறக்கிறோம். நானும் கூட வரேனே என்றார் அப்பா, ரொட்டிக்கே இடம் பத்தாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
(புதுக் கடைப் பொறுப்பாளர்)